மணிக்கட்டு பிரேஸ்: தகடு வைத்த ரெடிமேட் பட்டை எந்த எலும்பைப் பிடிக்கிறது, எதை விட்டுவிடுகிறது

உள்ளங்கைப் பக்கம் ஒரு அலுமினியத் தகடு, மூன்று வெல்க்ரோ வார்கள், கட்டைவிரலுக்கு ஒரு ஓட்டை. மருந்துக் கடையிலும் இணையத்திலும் 'ரிஸ்ட் பிரேஸ்' என்று கேட்டால் கையில் கிடைப்பது இதுதான். பெட்டியின் மேல் பெரும்பாலும் சுளுக்கு, வீக்கம், நரம்பு அழுத்தம், எலும்பு முறிவு என எல்லாவற்றையும் ஒரே வரியில் அடுக்கியிருப்பார்கள். முதல் மூன்றைப் பற்றிப் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்காவதில்தான் வம்பு. மணிக்கட்டு முறிவு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்த எலும்பு, அதில் எந்த இடம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இதே பட்டை ஒருவருக்கு முழு வைத்தியமாகிறது, இன்னொருவருக்கு நாள் கடத்தும் கருவியாகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எக்ஸ்ரே எடுத்து, எலும்பின் பெயர் தெரிந்த பிறகு வாங்கினால் இது காசுக்குக் குறைவில்லாத பொருள். எக்ஸ்ரே எடுக்காமல் தப்பிக்க வாங்கினால், எவ்வளவு நல்ல பட்டையாக இருந்தாலும் வாங்கக் கூடாத பொருள்.

பட்டையை எடைபோட, அது எதைச் சுற்றி உட்காருகிறது என்று தெரிய வேண்டும். முன்கையில் கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. கையை ஊன்றும்போது வரும் பாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை ரேடியஸ் வாங்கிக்கொள்கிறது. கீழே விழுந்தவர்களுக்கு அதுவே அதிகம் உடைவதற்கு இதுவும் ஒரு காரணம். இவற்றுக்கும் விரல்களுக்குப் போகும் நீள எலும்புகளுக்கும் நடுவே எட்டுச் சிறு எலும்புகள், இரண்டு வரிசையாக இருக்கின்றன. முன்கையை ஒட்டிய வரிசையில் ஸ்கேஃபாய்டு, லூனேட், ட்ரைக்வெட்ரம், பிசிஃபார்ம். அடுத்த வரிசையில் ட்ரபீசியம், ட்ரபீசாய்டு, கேபிடேட், ஹேமேட். இந்த எட்டில் படகு வடிவ ஸ்கேஃபாய்டு மட்டும் தன் வரிசையோடு நிற்காமல் இரண்டாம் வரிசையின் பக்கமாகச் சாய்ந்து, இரண்டு வரிசைகளுக்கும் குறுக்கே போட்ட தாழ்ப்பாள் போலக் கிடக்கிறது. இரு வரிசைகளும் எதிரெதிராக அசையும்போது அந்த விசை இதன் இடுப்பில், அதாவது ஒடுங்கிய நடுப்பகுதியில், போய் விழுகிறது. அங்கேதான் இது அதிகமாக முறிகிறது.

இனி பொருளுக்கு வருவோம். இதில் பார்க்க வேண்டிய முதல் உறுப்பு தகடு. துணி, நிறம், பிராண்டு எல்லாம் பிறகு. தகட்டை உறையிலிருந்து உருவி மேசை மேல் வைத்துப் பாருங்கள். மேசை விளிம்பில் அழுத்தி, வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவரும் அளவுக்கு வளைய வேண்டும். ஒரு பையைத் தூக்கினால் தானே வளைந்துவிடும் அளவுக்கு மெலிந்திருக்கக் கூடாது. இரண்டு விரல்களால் பிடித்து எளிதாக மடிக்க முடிகிற தகடு மணிக்கட்டை நிறுத்தாது, நினைவூட்டும் அளவுக்குத்தான் உதவும். தகடே இல்லாமல் பிளாஸ்டிக் குச்சிகள் மட்டும் தைத்துவரும் பட்டைகளும் உண்டு. முறிவுக்குப் பிந்தைய எந்தக் கட்டத்துக்கும் அவற்றை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

தகட்டின் வளைவு அடுத்தது. பெரும்பாலான பட்டைகளில் அது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாக 20 முதல் 30 டிகிரி வரை தூக்கி நிறுத்தும்படி வளைத்தே வருகிறது. பிடிக்கும் வலுவுக்கு அந்தக் கோணம் நல்லது. விரல்கள் இறுக மூடுவதற்கு மணிக்கட்டு சற்றுப் பின்னே சாய்ந்திருக்க வேண்டும். ஆனால் நடு நரம்பு நெருக்கப்பட்டு இரவில் விரல்கள் மரத்துப்போகிறவர்களுக்கு அந்த வளைவு வேண்டாம். அந்த நரம்பு போகும் மணிக்கட்டுச் சுரங்கத்தில் (கார்பல் டனல்) அழுத்தம் மிகக் குறைவாக இருப்பது ஏறக்குறைய நேரான நிலையில். ஆக, 'கார்பல் டனல்' என்று அச்சிட்ட பெட்டிக்குள்ளேயே 30 டிகிரி தகடு இருந்தால் அதை வெளியே எடுத்து நேராக்கிப் போட வேண்டும். மாவுக்கட்டு பிரித்த பிறகு போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஆறு வாரம் ஒரே நிலையில் கிடந்த மூட்டை முதல் நாளே 30 டிகிரிக்குத் தள்ளினால் வலிக்கும், கழற்றி வீசத் தோன்றும். வலியில்லாத கோணத்தில் தொடங்கி வாரத்துக்கு வாரம் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். ரெடிமேட் பட்டையின் பெரிய நன்மைகளில் இது ஒன்று, பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. துவைப்பதற்காகத் தகட்டை எடுக்கிறார்கள், திரும்பச் செருகும்போது முன்பின் மாறிவிடுகிறது. வளைவு எதிர்ப்பக்கம் போய், மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கமாக மடங்கிய நிலையில் இறுகிவிடுகிறது. அந்த நிலையும் நடு நரம்பை மோசமாக நெருக்கும். முதல் முறை உருவும்போதே தகட்டில் 'விரல் பக்கம்', 'உள்ளங்கைப் பக்கம்' என்று அழியாத மையில் எழுதிவைப்பது நல்லது. தயாரிப்பாளர்களே அச்சிட்டுத் தந்திருக்க வேண்டியது, பலர் செய்வதில்லை.

மூன்றாவதாக, உள்ளங்கை விளிம்பு. விலை கூடிய பட்டைகள் கூடத் தோற்கும் இடம் இதுதான். பட்டையைப் போட்டுக்கொண்டு நான்கு விரல்களையும் அடிமூட்டிலிருந்து மடக்குங்கள். 90 டிகிரி வரை தடையில்லாமல் மடங்க வேண்டும். விரல்களின் அடியில், உள்ளங்கையில் குறுக்காக ஓடும் மேல் ரேகை முழுவதும் வெளியே தெரிய வேண்டும். அந்த ரேகை சுண்டுவிரல் பக்கம் தாழ்ந்தும் ஆள்காட்டி விரல் பக்கம் உயர்ந்தும் சாய்வாகப் போகிறது. பட்டையின் விளிம்போ பல நேரங்களில் ஒரே நேர்கோடாக வெட்டப்பட்டிருக்கிறது. அதனால் ஆள்காட்டி விரல் நன்றாக மடங்கும், சுண்டுவிரல் முட்டும். நான்கைந்து வாரம் அப்படி முட்டிக்கொண்டே இருந்தால் சுண்டுவிரல், மோதிரவிரலின் அடிமூட்டுகள் விறைத்துப்போகும். மணிக்கட்டு எலும்பு அழகாகக் கூடியிருக்கும், கை மட்டும் மூடாது. அடுத்து, கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். எட்டவில்லையென்றால் கட்டைவிரல் ஓட்டை சிறிது, அல்லது பட்டையே அந்தக் கைக்குப் பெரிது.

நீளம் பற்றிச் சுருக்கமாக. முன்கையின் மூன்றில் இரண்டு பங்கையாவது பட்டை மூட வேண்டும். நெம்புகோல் கணக்குதான்: மணிக்கட்டுக்குப் பின்னால் பிடிமானம் எவ்வளவு நீளமோ அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் அது அசைவைத் தடுக்கும். மணிக்கட்டைச் சுற்றி மட்டும் வரும் குட்டைப் பட்டைகளில் தகட்டின் முனை தோலில் ஒரே இடத்தில் குத்தும். மூட்டும் அசைந்துகொண்டே இருக்கும்.

வார்களில் இரண்டு வகை. வளையத்தில் நுழைத்துத் திரும்பி ஒட்டும் வார்கள் இறுக்கத்தை நன்றாகத் தாங்குகின்றன, ஆனால் ஒற்றைக் கையால் போட முடியுமா என்று பாருங்கள். மறுகை மட்டுமே வேலை செய்கிற ஒருவருக்கான பொருள் இது. நேராக ஒட்டும் வார்கள் போடுவதற்கு எளிது, கொக்கிப் பகுதியில் நூலும் முடியும் சேர்ந்தவுடன் பிடிப்பு விடும். பழைய பல் துலக்கியால் வாரம் ஒருமுறை கொக்கிகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் ஆயுள் நீளும். முதலில் மணிக்கட்டு வாரைப் போட்டுத் தகட்டை நிலைநிறுத்தி, அடுத்து முன்கை வார், கடைசியில் உள்ளங்கை வார் என்று போட்டால் பட்டை சுழலாது. ஒவ்வொரு வாரின் அடியிலும் மறுகையின் ஒரு விரல் நுழைய வேண்டும். போட்ட பத்து நிமிடத்தில் ஒரு விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்காவிட்டால் இறுக்கம் அதிகம்.

துணியில் நியோப்ரீன் வகை முதல் நாள் மெத்தென்று இருக்கும். வியர்வையை உள்ளேயே தேக்கும் என்பதால் பகல் முழுக்கப் போடுகிறவர்களுக்கு அது சரிவராது. அதைவிட முக்கியமாக, நியோப்ரீன் தயாரிப்பில் சேரும் தயோயூரியா வகை ரசாயனங்களால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை வருகிறது. பட்டையின் வடிவத்திலேயே செந்தடிப்பும் அரிப்பும் வந்தால் அது வியர்க்குரு அல்ல. துணியை மாற்ற வேண்டும். காற்றுப் போகும் பின்னல் துணியும் உள்ளே பருத்தி உறையும் இருந்தால் போதும். உறை தனியாக இரண்டு இருந்தால் இன்னும் வசதி, ஒன்று காயும்போது மற்றொன்று.

அளவு எடுப்பது வெறும் வேலை என்று தள்ள வேண்டாம். மணிக்கட்டின் சுற்றளவை, சுண்டுவிரல் பக்கம் துருத்தும் அல்னா முனையை ஒட்டி, துணி டேப்பால் அளக்க வேண்டும். அடிபட்ட கையை அளக்க வேண்டும், நல்ல கையை அல்ல. அதுவும் மாலையில், வீக்கம் கூடியிருக்கும் நேரத்தில். இரண்டு அளவுகளுக்கு நடுவே வந்தால் பெரியதை எடுத்து வாரால் இறுக்கலாம். சிறியதைத் தளர்த்தினால் வெல்க்ரோ ஒட்ட இடமிருக்காது. 'இரு கைக்கும் பொருந்தும்' என்று விற்கும் பட்டைகளில் தகடு உள்ளங்கைக் குழிவோடு ஒட்டாது. இடது, வலது என்று தனித்தனியாக வருவதையே வாங்குங்கள்.

இனி முறிவுகள். ரேடியஸின் கீழ்முனை முறிந்து, முறிந்த துண்டு புறங்கைப் பக்கம் சாய்வதுதான் அதிகம் காணப்படுவது. டப்ளின் அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-ல் இதை விவரித்தார். ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்தது 1895-ல். ஒரு படம் கூடப் பார்க்காமல், கையின் வடிவத்தையும் அசைவையும் மட்டும் வைத்து அவர் சொன்னது இன்றும் அவர் பெயரிலேயே நிற்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் கை முள்கரண்டியைக் கவிழ்த்துவைத்தது போல வளைந்திருக்கும். இந்த முறிவுக்கு ரெடிமேட் பட்டை எங்கே பொருந்தும்?

துண்டு நகர்ந்திருந்தால் ஆரம்பத்தில் பொருந்தவே பொருந்தாது. நல்ல மணிக்கட்டில் ரேடியஸின் மூட்டுப்பரப்பு உள்ளங்கைப் பக்கமாகச் சுமார் 11 டிகிரி சாய்ந்திருக்கும். காலிஸ் முறிவில் அது எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. இழுத்து நிலைக்குக் கொண்டுவந்த பிறகு அதை அங்கேயே நிறுத்த மூன்று புள்ளி அழுத்தம் வேண்டும்: முறிவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, எதிர்ப்பக்கம் நடுவே ஒன்று. ஈரமாக இருக்கும்போதே உள்ளங்கையால் அழுத்தி வடிவமெடுக்கும் மாவுக்கட்டுதான் அதைச் செய்யும். துணிப் பட்டை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறுக்கும். துண்டை எந்தப் பக்கமும் தள்ளிப் பிடிக்காது. வாரை இன்னும் இறுக்கினால் விரல்கள்தான் வீங்கும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் வீக்கம் வடியும்போது கட்டு தளர்ந்து துண்டு மறுபடி சரியக்கூடும் என்பதால், ஏறக்குறைய ஒரு வாரத்திலும் இரண்டு வாரத்திலும் மறு எக்ஸ்ரே எடுப்பது வழக்கம். புறங்கைப் பக்கச் சாய்வு 10 டிகிரியைத் தாண்டினாலோ, மூட்டுப்பரப்பில் 2 மில்லிமீட்டர் படிக்கட்டு விழுந்தாலோ அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வரும். வயது, கையால் செய்யும் வேலை இரண்டையும் சேர்த்துத்தான் அந்த முடிவு.

துண்டு உள்ளங்கைப் பக்கம் சரிந்த ஸ்மித் முறிவும், மூட்டின் விளிம்பே உடைந்து கையோடு சேர்ந்து நழுவும் பார்ட்டன் முறிவும் கட்டுக்கே சரியாக அடங்காதவை, பெரும்பாலும் பிளேட் வைக்கும்படி ஆகும். அங்கே இந்தப் பட்டைக்கு வேலை அறுவைக்குப் பிறகுதான்.

காலிஸ் முறிவில் பட்டையின் நேரம் 5 அல்லது 6 வாரத்துக்குப் பிறகு, மாவுக்கட்டு பிரித்ததும் வருகிறது. அப்போது அது உண்மையிலேயே நல்ல துணை. வெளியே போகும்போதும் தூங்கும்போதும் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கழற்றிவிட்டு மணிக்கட்டை வலியில்லாத அளவுக்கு மேலும் கீழும், இரு பக்கமும், பிறகு உள்ளங்கை மேலே பார்க்க, கீழே பார்க்க என ஒவ்வொன்றும் பத்து முறை அசைக்கலாம். தோள்பட்டையையும் முழங்கையையும் மறந்துவிடக் கூடாது. தூளியில் தொங்கிய கைக்கு அவையும் விறைத்திருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் பட்டை போடும் நேரம் குறைந்துகொண்டே வர வேண்டும். முறிவு நகராமல் நிலையாக இருக்கும்போது சில மருத்துவர்கள் தொடக்கத்திலிருந்தே அல்லது மூன்று வாரத்திலேயே கழற்றக்கூடிய பட்டைக்கு மாற்றுவதும் உண்டு. அந்த முடிவு எக்ஸ்ரே பார்த்தவருடையது.

பட்டை முழு மதிப்பெண் வாங்கும் இடம் குழந்தைகளின் மடிப்பு முறிவு. குழந்தை எலும்பு பச்சைக் குச்சி போன்றது. விழுந்த அழுத்தத்தில் ஒரு பக்கம் உடையாமல் புடைத்து மடிகிறது. எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரத்தில் ஒரு சிறு வீக்கம் போலத் தெரியும். இது நகராது, தானே கூடிவிடும். பிரிட்டனில் 4 முதல் 15 வயது வரையான 965 குழந்தைகளிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், மென்மையான பேண்டேஜ் மட்டும் சுற்றியவர்களுக்கும் கெட்டியான பட்டையோ கட்டோ போட்டவர்களுக்கும் மூன்றாம் நாள் வலியில் வேறுபாடு இல்லை என்று வந்தது. எனவே குழந்தைக்குப் பட்டை வாங்கினால் போதும், சுமார் மூன்று வாரம், கழற்றிக் குளிக்க வைக்கலாம். ஒரு எச்சரிக்கை: எலும்பின் ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்து மறுபக்கம் வளைந்த பச்சைக்குச்சி முறிவும், எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டில் விழுந்த முறிவும் இந்தக் கணக்கில் சேராது. மூன்றையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய முடியாது.

அடுத்து ஸ்கேஃபாய்டு. பெட்டியில் இருக்கும் 'எலும்பு முறிவு' என்ற சொல் அதிகக் கெடுதல் செய்வது இங்கேதான். இளைஞர்கள் கையூன்றி விழுந்தபின் வீக்கம் கொஞ்சமாக இருக்கும், கை கோணலாகத் தெரியாது, பொருள்களையும் எடுக்க முடியும். சுளுக்கு என்று நினைத்துப் பட்டை வாங்கிப் போடுகிறார்கள். பட்டை வலியைக் குறைக்கும். அது போதும் என்று ஆகிவிடுகிறது. இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையில் நுழைந்து முன்கை பக்கம் திரும்பி ஓடுகிறது. இடுப்பில் முறிந்தால் முன்கை பக்கத் துண்டுக்கு இரத்தம் அறுபடலாம். அந்தத் துண்டு மெல்ல மடியலாம், அல்லது இரு துண்டுகளும் சேராமலே நின்று பல ஆண்டு கழித்து மணிக்கட்டுத் தேய்மானமாக வெளிப்படலாம்.

இதைச் சந்தேகிக்க ஒரு விரல் போதும். கையை மேசையில் பக்கவாட்டில் வைத்து, கட்டைவிரலை மேலே பார்க்க நன்றாக நீட்டுங்கள். அடிப்பகுதியில் இரண்டு தசைநாண்கள் கயிறு போல எழும். நடுவே ஒரு குழி விழும். மூக்குப்பொடி வைத்து உறிஞ்சிய குழி என்பதால் உடற்கூறு நூல்களில் அந்தப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அந்தக் குழியின் அடித்தளம்தான் ஸ்கேஃபாய்டு. அங்கே ஆள்காட்டி விரல் நுனியால் அழுத்தும்போது வலித்தால், மறுகையில் அதே இடத்தில் அதே அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல கையிலும் அங்கே கொஞ்சம் கூசும். உள்ளங்கைப் பக்கம் கட்டைவிரல் மேட்டின் அடியில் தட்டுப்படும் எலும்பு மொட்டை அழுத்தினாலும், கட்டைவிரலை அதன் அச்சிலேயே உள்நோக்கித் தள்ளினாலும் வலித்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. முதல் எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் விட்டுவிடக் கூடாது. நகராத விரிசல் முதல் நாளில் படத்தில் தெரியாமல் போவது உண்டு. கட்டைப் போட்டுவைத்து 10 முதல் 14 நாளில் மறுபடி பார்ப்பது, அல்லது வசதி இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்து உடனே தெளிவது, இரண்டில் ஒன்று வேண்டும்.

கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை தனியாக விற்கிறார்கள். ஸ்கேஃபாய்டு என்றால் கட்டைவிரலைப் பூட்டியே ஆக வேண்டும் என்ற நம்பிக்கை பழையது. 1991-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில் கட்டைவிரலைச் சேர்த்த கட்டுக்கும் சேர்க்காத கட்டுக்கும் எலும்பு கூடுவதில் வேறுபாடு தெரியவில்லை. எனவே கட்டைவிரல் பிடிப்பு இருக்கிறது என்பதால் ஒரு ரெடிமேட் பட்டை ஸ்கேஃபாய்டு முறிவுக்கு மருந்தாகிவிடாது. உறுதியான முறிவுக்கு இரவும் பகலும் கழற்றாத கட்டு வேண்டும். இடுப்பு முறிவுக்கு 6 முதல் 12 வாரம், முன்கை பக்க முனையில் என்றால் இன்னும் அதிகம் அல்லது அறுவை செய்து திருகு போடுவது. கழற்ற முடிகிற எதையும் மனிதர்கள் கழற்றுவார்கள். கட்டைவிரல் மூட்டுத் தேய்மானம், கட்டைவிரல் நாண் அழற்சி ஆகியவற்றுக்கு அந்த வகைப் பட்டை நல்லது, அதற்கு வாங்குங்கள்.

மணிக்கட்டுச் சிறு எலும்புகளில் இரண்டாவதாக அதிகம் முறிவது ட்ரைக்வெட்ரம். புறங்கையில் சுண்டுவிரல் பக்கம் வலி. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் ஒரு சிறு செதில் தனியே நிற்கும். இதற்குத் தகட்டுப் பட்டை பொதுவாகப் போதும், 4 முதல் 6 வாரம்.

ஹேமேட் எலும்பின் கொக்கி முறிவு வேறு விதம். மட்டை, ராக்கெட், கோல்ஃப் தடி பிடிக்கிறவர்களுக்கு, கைப்பிடியின் அடிமுனை உள்ளங்கையில் மோதுவதால் வருகிறது. சுண்டுவிரல் பக்க உள்ளங்கை மேட்டில், பிசிஃபார்ம் மொட்டைத் தாண்டி ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் ஆள்காட்டி விரல் அடியை நோக்கிப் போனால் ஆழத்தில் அந்தக் கொக்கி இருக்கிறது. அகலமான தகட்டின் விளிம்பு சரியாக அங்கேயே உட்காரலாம். பட்டை போட்ட பிறகு உள்ளங்கை வலி கூடினாலோ சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தாலோ உடனே கழற்றிவிட்டுக் காட்டுங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் இந்தக் கொக்கி மறைந்துவிடும், சி.டி. தான் தெளிவாகக் காட்டும்.

எந்த ரெடிமேட் மணிக்கட்டுப் பட்டையாலும் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு: முன்கை சுழல்வதை நிறுத்துவது. சாவி திருப்பும் அசைவு முழங்கையிலும் மணிக்கட்டிலுமாக நடக்கிறது. அல்னாவுக்கும் ரேடியஸுக்கும் இடையிலான மூட்டு பிசகியிருந்தால் முழங்கையையும் சேர்த்த கட்டு வேண்டும். அல்னாவின் முனை நல்ல கையைவிடத் தூக்கலாகத் தெரிகிறதா, அழுத்தினால் பியானோ கட்டை போல அமுங்கி எழுகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் பட்டை வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

மாற்றுகளோடு ஒப்பிட்டால், மாவுக்கட்டு இன்னும் முதலிடத்தில்தான், புதிய முறிவுக்கு. 1850-களின் தொடக்கத்தில் டச்சு ராணுவ மருத்துவர் மதைசன் பரப்பிய மாவு பூசிய பேண்டேஜ் முறை அடிப்படையில் மாறவில்லை. சில நிமிடங்களில் இறுகும்; முழுவதும் உலர 24 முதல் 48 மணி நேரம் ஆகும், அதுவரை தலையணை மேல் வைக்க வேண்டும், மேசை விளிம்பில் ஊன்றினால் பள்ளம் விழுந்து உள்ளே தோலை அழுத்தும். இறுகும்போது சூடு வரும். சூடான நீரில் நனைத்தாலோ மாவு அடுக்குகள் மிகத் தடிமனாக இருந்தாலோ தோல் வெந்துபோகவும் கூடும். ஃபைபர் கட்டு எடை குறைந்தது, அரைமணியில் வலுவாகிவிடும், ஆனால் ஈரத்தில் அவ்வளவு நெளிந்து வடிவமெடுக்காது. அதனால் வீக்கம் வடிந்த பிறகு போடுவதே நல்லது. வெளிக்கூடு தண்ணீரைத் தாங்கும் என்று நம்பி நனைப்பவர்கள் பலர். உள்ளே இருக்கும் பஞ்சு நனைந்தால் காயாது, தோல் ஊறிப்போகும்.

வெந்நீரில் சுமார் 65 முதல் 75 டிகிரி செல்சியஸில் இளகும் பிளாஸ்டிக் தகட்டில், கை மேலேயே வார்த்துச் செய்யும் ஸ்பிளிண்ட் மற்றொன்று. கைச் சிகிச்சை நிபுணர் அருகில் இருந்தால் ரெடிமேட் பட்டையைவிட இதையே தேர்ந்தெடுங்கள். உள்ளங்கை ரேகையின் சாய்வுக்கு ஏற்ப விளிம்பை வெட்டலாம், எலும்பு துருத்தும் இடத்தில் குழித்துவிடலாம், வாரங்கள் போகப் போகத் திரும்ப இளக்கிக் கோணத்தை மாற்றலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

எந்த வகையைப் போட்டாலும், சில அறிகுறிகளைக் கண்டால் வார்களை உடனே தளர்த்த வேண்டும், மாவுக்கட்டு என்றால் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்: கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கி வைத்தும், மாத்திரை போட்டும் ஏறிக்கொண்டே போகும் வலி, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது, வேறொருவர் விரலை மெதுவாக நீட்டினாலே தாங்க முடியாத வலி, நீலமாகவோ வெளிறியோ போகும் விரல்கள். காலை வரை பார்ப்போம் என்று விட்டுவைக்கிற சங்கதி அல்ல இது.

ஐம்பது வயதைத் தாண்டியவர், நின்ற இடத்திலேயே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டால் பட்டையோடு நிறுத்தாமல் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் கேளுங்கள். இடுப்பெலும்பு முறிவுக்குப் பல ஆண்டு முன்பே வரும் அறிவிப்பாக மணிக்கட்டு முறிவு அமைவது உண்டு.

பட்டையைக் கழற்றிவைத்த பிறகும் ஒரு சோதனையை மட்டும் சில வாரம் தொடருங்கள். கை உள்ளங்கை கீழாக மேசையில் படிந்திருக்க, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்குங்கள். ரேடியஸின் பின்பக்கம் ஒரு சிறு மேட்டைச் சுற்றிப் போகும் நாண்தான் அதைத் தூக்குகிறது. நகராத சாதாரண ரேடியஸ் முறிவுக்குப் பிறகும், எலும்பு கூடிய நிலையில், அந்தக் குறுகிய பாதையில் நாண் நைந்து அறுந்துபோவது உண்டு. பெரும்பாலும் அது முறிவுக்குப் பின் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் நடக்கும். வலி பெரிதாக இருக்காது. ஒரு நாள் கட்டைவிரல் மேசையை விட்டு எழாது. பட்டையை மறுபடி மாட்டினால் அது சரியாகாது; நாணை மாற்றிப் பொருத்தும் அறுவைக்கு அந்த வாரமே கைச் சிகிச்சை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.